கம்பராவில் விழுந்த பனி

படத்தில் இடது பக்கம் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். குடையைப் பாதி மடக்கித் தலையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். முழுதாக விரித்தால் மேலே சேரும் பாரத்தைக் கை தாங்காது. முகம் தெரியவில்லை. குடைக்குக் கீழே குனிந்த உடம்பு, ஊன்றிய ஒரு கோல், உயரமான மரச்செருப்பு, அவ்வளவுதான். வலது பக்கம் இன்னும் இரண்டு பேர் மேட்டில் ஏறுகிறார்கள். அவர்களும் தலை நிமிரவில்லை, முதுகு வளைந்திருக்கிறது. குடைக்காரர் அவர்களைக் கடந்து வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நின்று ஒரு வார்த்தை பேசினார்களா, பேசாமலே கடந்தார்களா, சொல்ல முடியாது. பின்னால் வரிசையாகக் கூரைகள். கூரைமேல் ஒரு முழ உயரத்துக்குப் பனி. அதற்குப் பின்னால் மரங்கள், மலை, கறுத்த வானம். வானத்தில் வெள்ளைப் புள்ளிகள்.

ஜப்பானிய ஓவியர் உத்தாகவா ஹிரோஷிகே வரைந்து, மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த ‘தோகாய்தோவின் ஐம்பத்து மூன்று சாவடிகள்’ என்ற பட வரிசையில் கம்பரா என்ற ஊருக்கான தாள் இது. 1833-34 வாக்கில் வெளிவந்தது. அகலம் சுமார் 38 செ.மீ., உயரம் சுமார் 25 செ.மீ. ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவு. என்னிடம் இருப்பது பழைய பிரதி இல்லை. அதே முறையில் இந்தக் காலத்தில் மறுபடி மரத்தில் செதுக்கி, கையால் அச்சடித்து விற்கிறார்கள். டோக்கியோவில் இருந்த காலத்தில் ஒரு மாத மளிகைச் செலவைக் கொடுத்து வாங்கினேன். எட்டு வருடமாக என் மேசைக்கு எதிரே இருக்கிறது. தினமும் பார்க்கிற படம்தான். ஆனாலும் இதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன். காரணம் தலைப்பு.

தாளில் ‘யொரு நோ யூகி’ என்று எழுதியிருக்கிறது. யொரு என்றால் இரவு. யூகி என்றால் வானத்திலிருந்து பூப்பூவாக விழுகிற பனி. தமிழில் ‘இரவுப் பனி’ என்று எழுதிவிடலாம். ஆனால் நம் காதில் அது என்னவாக விழும்? மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கிற ஈரம். பேருந்தின் கண்ணாடியை மூடுகிற புகைமூட்டம். “பனி இறங்குது, தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் போடா” என்று அம்மா வாசலில் நின்று சொல்கிற அந்தப் பனி. நமக்கு முன்பனி உண்டு, பின்பனி உண்டு, மூடுபனி உண்டு. எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல். காலை வைத்தால் முழங்கால்வரை புதைகிற ஒன்றுக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்திருக்கிறோம். வெண்பனி என்று எழுதலாம்தான், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சரி, நான் பனி என்றே எழுதுகிறேன். ஒரு விதத்தில் பொருத்தமாகவும் இருக்கிறது. முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தபோது அந்தக் குடைக்காரரிடம் எனக்குச் சொல்லத் தோன்றியதும் அம்மா சொன்ன அதே வாக்கியம்தான்.

தோகாய்தோ என்பது சாலையின் பெயர். ‘கிழக்குக் கடல் வழி’ என்று பொருள். எடோவின் நிஹோன்பாஷி பாலத்தில் தொடங்கி கியோட்டோவின் சான்ஜோ பாலத்தில் முடியும். எடோதான் இன்றைய டோக்கியோ. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். 1601இல், நாட்டின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தொகுகாவா இயேயாசு இந்த வழியை ஒழுங்குபடுத்தி, ஆங்காங்கே சாவடி ஊர்களை நியமித்தார். அரசாங்கத் தபாலும் அதிகாரிகளும் தடையில்லாமல் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒவ்வொரு சாவடியும் 100 ஆட்களையும் 100 குதிரைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பின்னால் விதியும் வந்தது. எடோவுக்கும் தங்கள் நாட்டுக்கும் மாறிமாறிப் போய்வரக் கட்டுப்பட்ட பிரபுக்கள் பெரிய பரிவாரத்தோடு இந்த வழியில் போனார்கள். வியாபாரிகள் போனார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள். பெரும்பாலானவர்களுக்கு நடைதான். வசதி உள்ளவர்களுக்குப் பல்லக்கு அல்லது வாடகைக் குதிரை. நடந்தால் முழு வழிக்கும் ஏறக்குறைய 2 வாரம். இன்று அதிவேக ரயிலில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி நேரம்.

சாவடிகள் 53. தொடக்கப் பாலத்தையும் முடிவையும் சேர்த்து 55 தாள்கள். கம்பரா 15ஆவது சாவடி, ஆகவே 16ஆவது தாள்.

இந்த 55 தாள்களையும் ஒரே மூச்சில் புரட்டிப் பார்த்தால் காதில் சத்தம் கேட்கும். நிஹோன்பாஷியில் விடியற்காலை மீன்காரர்கள் கூடையோடு ஒதுங்க, பிரபுவின் ஊர்வலம் பாலத்தில் ஏறி வருகிறது. கோயுவில் சத்திரத்துப் பெண்கள் வழிப்போக்கர்களின் மூட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். ஒருத்தர் கழுத்து நெரிபடுகிற அளவுக்கு இழுபறி. யொக்காய்ச்சியில் காற்று ஒருவரின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போக, அவர் பின்னாலேயே ஓடுகிறார். மரிகோவில் டீக்கடை வாசலில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். ஷோனோவில் மழை சாய்த்து அடிக்கிறது, பல்லக்குத் தூக்கிகள் ஓடுகிறார்கள், மூங்கில் காடு வளைகிறது. எங்கே பார்த்தாலும் சாலை, சாலைமேல் கால்கள், கால்களுக்கு ஒரு அவசரம்.

கம்பராவுக்கு வந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. நான் முதலில் அதைப் பனியின் அமைதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள். பல மாதம் பார்த்த பிறகு வேறொன்று பட்டது. இந்தப் படத்தில் சாலை இல்லை. சாலையைப் பற்றிய 55 படங்களில் ஒன்றில் சாலையைக் காணோம். வெள்ளை மேடு இருக்கிறது, வீடு இருக்கிறது, மரம் இருக்கிறது. பாதை எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, பள்ளம் எங்கே என்று ஒன்றும் தெரியாது. மூன்று பேர் நடக்கிறார்களே, அதனால் அங்கே பாதை இருக்க வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். குடைக்காரர் கோலை ஊன்றிப் பார்த்துப் பார்த்துப் போவதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். அவருடைய காலுக்குத் தெரிந்த சாலை நம் கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கவனித்த பிறகு நான் இந்தப் படத்தை வேறு எந்தப் பனிப் படத்தோடும் சேர்த்து வைக்கவில்லை. ஹிரோஷிகேயே வரைந்த இன்னொன்றோடு வைத்துப் பாருங்கள். இதே வரிசையில் கமேயாமா என்ற ஊருக்கும் பனிதான் போட்டார். பனி நின்ற காலை நேரம், சரிவில் ஊர்வலம் ஒன்று கோட்டை வாசலை நோக்கி ஏறுகிறது, விளிம்பில் சிவந்த வெளிச்சம். நல்ல படம். கம்பரா, ஷோனோ, கமேயாமா மூன்றையும் இந்த வரிசையின் உச்சம் என்று ஜப்பானியர்கள் சேர்த்தே சொல்வார்கள். சில வருடம் கழித்து கிசோ மலைவழிக்கான வரிசையில் ஓயி என்ற சாவடிக்கும் பனியைப் பொழியவிட்டார். அது நிஜமான மலைநாடு. குதிரைகள்மேல் ஆட்கள் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார்கள், பனி பெரிது பெரிதாக விழுகிறது. அங்கே பயணம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, சேர்ந்து போகிறோம் என்ற தெம்பு இருக்கிறது. கம்பராவில் அது இல்லை. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அவர்களுக்கு நடுவே வெறும் வெள்ளை.

அந்த வெள்ளை என்ன என்று ஒரு மதியம் நேரில் பார்த்தேன். டோக்கியோவில் ஒரு அச்சுப் பட்டறையில் செய்முறை காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அச்சுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சற்றே சரிந்த ஒரு குட்டை மேசை. வலது பக்கம் தூரிகைகள், மைக் கிண்ணம், அரிசிப் பசை. இடது பக்கம் முந்தின நாளே ஈரப்படுத்தி அடுக்கி வைத்த தாள்கள். காட்டுச் செர்ரி மரப் பலகை. அதன் ஒரு மூலையில் எல் வடிவத்தில் ஒரு வெட்டு, பக்கவாட்டில் நேராக இன்னொரு வெட்டு. கென்தோ என்பார்கள். தாளின் மூலையை ஒன்றிலும் ஓரத்தை மற்றதிலும் பொருத்தி வைத்தால், பத்துப் பலகைகளில் மாறிமாறி அடித்தாலும் நிறங்கள் கோடு தாண்டாது.

வானத்துக்கான பலகை வந்தது. பலகைமேல் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தார். தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் கறுப்பு மையைத் தொட்டு, துளி பசை சேர்த்து, பலகையின் விளிம்போடு இப்படியும் அப்படியும் நான்கு தடவை இழுத்தார். மை தொட்ட பக்கம் கறுப்பு, ஈரம் மட்டும் உள்ள பக்கம் ஒன்றுமில்லை, நடுவே கறுப்பு கரைந்துகொண்டே போகிறது. போகாஷி என்று இதற்குப் பெயர். மரத்தில் அந்தச் சாயலுக்கு ஒரு கோடுகூட இல்லை, எல்லாம் கையில்தான். தாளை வைத்து, மூங்கில் உறையால் சுற்றிய வட்டத் தட்டை எடுத்தார். பாரென் என்பது அதன் பெயர். உள்ளங்கையின் முழு பலத்தையும் அதன்மேல் போட்டுத் தாளின் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்தார். தேய்க்கும்போது முன்னும் பின்னுமாக உடம்பே ஆடியது. தாளைத் தூக்கினார். இரவு வந்திருந்தது.

அப்புறம் பலகையை மறுபடி துடைத்து, அடுத்த தாளுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளுக்கும் இரவைப் புதிதாகப் போட வேண்டும். நூறு தாள் என்றால் நூறு தடவை.

நான் கிட்டப் போய்ப் பலகையைப் பார்த்தேன். வானம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இல்லை. அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பனித்துளி. மை படாத இடம்தான் வெள்ளை. அந்த வெள்ளைக்காக ஒரு செதுக்குபவர் உளியின் நுனியால் மரத்தை ஒவ்வொரு புள்ளியாகத் தோண்டி எடுத்திருக்கிறார். கூரைமேல் இருக்கிற பனி, மேட்டில் இருக்கிற பனி, மரக்கிளையில் தேங்கிய பனி எல்லாமே அப்படித்தான். யாரும் வெள்ளை நிறத்தைப் பூசவில்லை. அது தாள். காகித மல்பெரி மரப்பட்டையில் செய்த தாளின் சொந்த நிறம். மூன்று பேரும் நடந்துகொண்டிருப்பது அச்சே விழாத இடத்தில். சாலையைக் காணோம் என்றேனே, அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. அந்த இடத்தில் மரம்கூட இல்லை, செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் அன்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைப் பலகைமேல் முகம் கீழாக ஒட்டி, பின்பக்கத்தை லேசாக உரித்து, கோடு தெரியத் தெரிய, அந்தத் தாளோடு சேர்த்தே வெட்டுவார். பலகை தயாராகும்போது ஓவியம் போயிருக்கும். அதாவது ஹிரோஷிகேயின் கையால் வரைந்த கம்பரா உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது. அது தன் பிரதிகளுக்காக அழிந்தது. பிரதிகளில் ஓவியர் பெயர் இருக்கிறது, தக்கெனோவுச்சி மகோஹாச்சி என்ற பதிப்பாளரின் சிவப்பு முத்திரை இருக்கிறது. செதுக்கியவர் பெயரும் அச்சடித்தவர் பெயரும் இல்லை. அந்தக் குழிகளைத் தோண்டியவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது நமக்கு வந்து சேராதது எனக்கு வருத்தம்தான்.

பழைய பிரதிகளில் இரண்டு விதமான வானம் உண்டு. சிலவற்றில் கறுப்பு மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கி வெளிறுகிறது. சிலவற்றில் கூரைக்கும் மலைக்கும் பின்னால் கறுப்பு அடர்ந்து, மேலே போகப் போக வெளிறுகிறது. ஒரே பலகைதான். அச்சுக்காரர் தூரிகையை எந்த ஓரத்தில் இழுத்தார் என்பதில்தான் வித்தியாசம். முதல் வகையில் இரவு ஊர்மேல் இறங்குகிறது. இரண்டாம் வகையில் இரவு தரையிலிருந்து எழும்புகிறது. என்னுடையது முதல் வகை. ஆனால் மனதுக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கறுப்பு கூரையை ஒட்டி நிற்கும்போது கூரையின் வெள்ளை இன்னும் கனக்கிறது. பனி பெய்யும் இரவில் வானம் உண்மையிலேயே வெளிறித்தான் இருக்கும் என்பதையும், முதன்முதலாக அப்படி ஒரு இரவில் வெளியே நின்றபோது பார்த்திருக்கிறேன். படத்தில் எந்த ஜன்னலிலும் விளக்கு எரியவில்லை. நிலவு இல்லை. வெளிச்சம் முழுக்கத் தரையிலிருந்துதான் வருகிறது. ஆட்களின் உடையிலும் குடையிலும் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம். மற்றதெல்லாம் கரிமையின் பல அடர்த்திகள்.

இத்தனையும் பார்த்த பிறகு ஊரைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு ஜனவரி மாதம் போனேன்.

ஷிசுவோகா நகரத்திலிருந்து பழைய தோகாய்தோ ரயில் பாதையில் அரை மணி நேரத்துக்குள் ஷின்-கம்பரா. இன்று அது ஷிசுவோகா மாநகரத்தின் ஷிமிசு வட்டத்தில் சேர்ந்துவிட்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். அலுமினியத் தொழிற்சாலைக்கு நீர்மின்சாரம் எடுக்கிற குழாய்கள். ஜப்பானில் அலுமினியத்தை உருக்கிப் பிரித்த கடைசி ஆலை அது, 2014இல் அந்த வேலையை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சுருகா வளைகுடா, நடுவே ஒரு கீற்றாக ஊர். 1699இல் கடல் பொங்கி வந்து பழைய ஊரை அழித்துவிட்டதால் மலையடிவாரத்துக்குத் தள்ளிக் கட்டிய ஊர் இது. ஹிரோஷிகேயின் படத்தில் கூரைகளுக்குப் பின்னால் மலை நெருங்கி நிற்பது பொய்யில்லை.

ஆனால் நான் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். வெயில் அப்படி. சரிவுகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள், பழுத்துத் தொங்குகின்றன. பழைய சாலை இரண்டு கார்கள் சிரமப்பட்டு ஒதுங்கும் அகலம். பக்கத்தில் மர ஜன்னல் வைத்த பழைய வீடுகள், முன்பு பல் மருத்துவமனையாக இருந்த, மேல்நாட்டுப் பாணிக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கட்டடம். உலர்ந்த மத்தி மீன் வாசனை காற்றில் வருகிறது. ‘இரவுப் பனி’யின் நினைவாக ஒரு இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள், படத்தையும் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் வெயில் பளீரென்று அடித்ததில் படம் சரியாகத் தெரியவில்லை. நிழலுக்காகக் கையை வைத்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் நிற்பதைப் பார்த்துத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். “பனியைத் தேடி வந்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே பனி விழுமா என்று திருப்பிக் கேட்டேன். எப்போதாவது தூறும், தரையில் தங்காது என்றார். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை காலையில் எழுந்தபோது கூரை வெள்ளையாக இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை வெளியே விட்டார்களாம். மதியத்துக்குள் எல்லாம் கரைந்துவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது வலது கையைக் கவிழ்த்து, தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரம் காட்டினார்.

பூகோளம் அப்படித்தான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வருகிற காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, நடு மலைகளில் மோதி, மேற்குப் பக்கமே எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடும். மலை தாண்டிப் பசிபிக் கரைக்கு வரும்போது காற்றில் ஈரம் இருக்காது. அதனால் நீகாத்தா பக்கம் வீட்டுக் கதவை மறைக்கும் அளவு பனி, சுருகா கரையில் வெயில். ஹிரோஷிகே 1832இல் அரசரவைக்குக் குதிரைகளைக் கொண்டுபோன குழுவோடு இந்த வழியில் நடந்தார், அதன் விளைவுதான் இந்த வரிசை என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. 1797இல் வெளிவந்த ஒரு தோகாய்தோ வழிகாட்டி நூலின் படங்களிலிருந்து பல காட்சிகளை எடுத்திருக்கிறார் என்று காட்டுகிறார்கள். அவர் போனார் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் குதிரைப் பயணம் கோடைக் கடைசியில் நடப்பது. எப்படிப் பார்த்தாலும் இந்தப் பனியை அவர் கம்பராவில் பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? நீகாத்தா பக்கம் கம்பரா என்றே இன்னொரு இடம் இருக்கிறது, எழுத்துகளும் அவையே. அதோடு குழப்பிக்கொண்டிருப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. எடோக்காரருக்கு இந்தச் சாலையின் சாவடிகள் நமக்குப் பேருந்து நிறுத்தங்கள் மாதிரி, வரிசையாகச் சொல்வார்கள். என் எண்ணம் இதுதான். முந்தின தாள் யொஷிவாரா. அங்கே வழக்கத்துக்கு மாறாக ஃபுஜி மலை சாலையின் இடது பக்கம் தெரியும், அதனால் அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. அடுத்த தாள் யூய். அங்கே சத்தா கணவாய், செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து கடலும் ஃபுஜியும். இரண்டுக்கும் நடுவே கம்பரா, சொல்லிக்கொள்ள ஒரு காட்சியும் இல்லாத ஊர். 55 தாள் விற்க வேண்டும், ஒரே வெயிலில் விற்க முடியாது. சீனத்திலிருந்து வந்த எட்டுக் காட்சி மரபு ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு வட்டாரத்தின் எட்டு இடங்களில் ஒன்றுக்கு இரவு மழை, ஒன்றுக்கு இலையுதிர்கால நிலவு, ஒன்றுக்கு அந்திப் பனி என்று பருவத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. ஹிரோஷிகேக்கு அது கைவந்த பழக்கம். ஆகவே சொத்தில்லாத ஊருக்குப் பனியை எழுதிக் கொடுத்தார்.

இப்படிச் சொன்னால் ஏதோ கணக்குப் பார்த்துச் செய்ததுபோல ஆகிவிடும். படத்தைப் பார்த்தால் அது கணக்கு மட்டும் இல்லை என்று தெரியும். அவருடைய வேலையை நினைத்துப் பாருங்கள். 1797இல் எடோவில் தீயணைப்புக் காவலர் குடும்பத்தில் பிறந்தவர். 1809இல் தாய், தகப்பன் இருவரும் போய்விட, சிறுவனாக இருக்கும்போதே அப்பாவின் பதவி தலையில் விழுந்தது. மரத்தாலும் தாளாலும் கட்டிய நகரத்தில் இரவு விழித்துக் காவல் இருக்கிற குடும்பத்து உத்தியோகம். பிறகு தொயோஹிரோ என்ற ஓவியரிடம் சேர்ந்து படித்தாலும் அந்தப் பதவியை உடனே விடவில்லை, பல வருடம் வைத்திருந்தார். எடோவில் பனி பெய்யும். விளக்கில்லாத தெருவில், தூங்குகிற கூரைகளுக்கு நடுவே, நள்ளிரவில் யாரோ ஒருவர் குனிந்துகொண்டு போவதைப் பார்க்கிற வாய்ப்பு அவருக்கு நிறையவே இருந்திருக்கும். கம்பராவின் பனி எடோவின் பனி என்றுதான் எனக்குப் படுகிறது. அதோடு இந்த வரிசை வெளிவரத் தொடங்கிய 1833, விளைச்சல் பொய்த்து தென்போ காலத்துப் பெரும் பஞ்சம் தொடங்கிய வருடம். குளிர் என்றால் அழகு என்று மட்டும் நினைக்க முடியாத காலம். இதை வாங்கியவர்கள் பணக்காரர்கள் இல்லை. ஒரு தாளின் விலை ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான் என்பார்கள். அந்தத் தாளைப் பிடித்திருந்த கைகளில் பலவற்றுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

யூய் கம்பராவிலிருந்து 4 கிலோமீட்டர்தான். பழைய சாலையிலேயே நடந்துவிட்டேன். நடக்க நடக்க ஒன்று தோன்றியது. 16ஆவது தாளில் முழங்கால் பனி. 17ஆவது தாளில் நீலக் கடல், பாய்மரங்கள், வளைந்த பைன் மரம், பாறைமேல் எட்டிப் பார்க்கிற வழிப்போக்கர்கள், தெளிந்த வானம். நான் ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்தில் அவருக்கு ஒரு பருவமே முடிந்துவிடுகிறது. அந்தப் பனி கம்பராத் தாளின் நான்கு ஓரத்துக்குள்ளேயே பெய்து, அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. யூயில் ஹிரோஷிகேக்காகவே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய பிரபுக்கள் தங்கும் விடுதி இருந்த இடத்தில். போய்ப் பார்த்தேன். வெளியே வந்து இளஞ்சிவப்பு நிறத்துப் பொடி இறாலை வெங்காயத்தோடு சேர்த்துப் பொரித்த பஜ்ஜி மாதிரி ஒன்றைச் சூடாகச் சாப்பிட்டேன். சுருகா வளைகுடாவுக்குப் பேர்போன இறால் அது, ஹிரோஷிகே காலத்தில் அதைப் பிடிக்கிற தொழில் இங்கே தொடங்கியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த இரவு சட்டகத்தின் பின்பலகையைக் கழற்றினேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தாளைக் கையில் எடுத்திருக்கவில்லை. பட்டறையில் அந்த அச்சுக்காரர், நல்ல அச்சா என்று தெரிய வேண்டுமானால் முதுகைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். மை தாளின் நாருக்குள் இறங்கி மறுபக்கம் வரை வர வேண்டுமாம்.

திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தேன். வந்திருந்தது. சாம்பல் நிறத்தில் இரவு ஊறியிருந்தது. அதன்மேல் பாரென் சுழன்ற வட்ட வட்டமான தேய்ப்புகள், காற்றடித்த தடம்போல. வானத்துப் புள்ளிகள் இந்தப் பக்கமும் வெள்ளையாகவே இருந்தன. கூரைகள் மங்கலாக. குடையின் மஞ்சள் லேசாக. பலகையில் இருக்கிற மாதிரியே இடம் வலமாக மாறியிருந்தது படம். முன்பக்கத்தில் இடது ஓரம் போய்க்கொண்டிருந்த குடைக்காரர் இங்கே வலது பக்கமாகப் போகிறார். மேடேறிய இரண்டு பேர் இடது பக்கமாகத் திரும்பியிருக்கிறார்கள். எழுத்தும் இடம் வலமாக மாறித் தெரிவதால் ஊர்ப் பெயர் படிக்க முடியவில்லை. தாளைக் கொஞ்சம் சாய்த்தேன். மூன்று பேருக்கும் கீழே இருந்த வெள்ளையில் ஒரு நார் மட்டும், தலைமுடி நீளத்தில், குறுக்கே ஓடியது.